நீங்க வைங்க

தொலைபேசியில் பேசினால் அவர் ஒருபோதும் முதலில் வைக்கமாட்டார். சொல்ல வேண்டியது தீர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் "செரி" சொல்லியாகியிருக்கும். அதன் பிறகும் மறுமுனையில் ஓர் ஆள் மூச்சு விடுவது நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். "வைக்கலியா அக்கா?" என்று கேட்டால், "நீங்க வைங்க" என்பார். அதில் உபசாரமும் இல்லை, பணிவும் இல்லை. அது அப்படித்தான் என்கிற குரல்.

எலும்புமுறிவுப் பிரிவு மருத்துவர் ஒருவர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். பேசி முடித்ததும் ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு இரண்டு நோயாளிகளைப் பார்த்தார். ஒருவருக்கு மாவுக்கட்டுப் பிரித்தார். பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால், "கட்டு பிரிச்சாச்சா டாக்டரே? அந்த ஆளு நல்லா அலறினாரே" என்றது குரல். மருத்துவர் இதைப் பல வருடங்கள் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. அவருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

நாங்கள் வேலைபார்த்தது வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. நான் நோயாளிகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் ரெக்கார்டு அறையில் இருந்தேன். அதற்கு முன்பு இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்த காரணத்தால் எல்லாருக்கும் நான் டீச்சர். அவர் எல்லாருக்கும் எக்சேஞ்சு அக்கா. நான் 2004இல் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எக்சேஞ்சே கிடையாது. தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்து, மரப்பலகையும் வயர்களுமாக இருந்த பழைய தொலைபேசிப் பலகையைக் கழற்றிப் போட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அதன் முன்னால் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த அவர், சாயங்காலங்களில் வடசேரியில் கணினி வகுப்புக்குப் போய்ப் படித்து, மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளராகியிருந்தார். அவரையும் சேர்த்து மூன்று பேர்தான் அந்தப் பிரிவு. ஆனால் பெயர் மட்டும் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது.

குளச்சல்காரர். பேச்சில் கடலோரத்து ராகம் உண்டு. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பதில் சாமர்த்தியம் போதாது. தாழ்வாரத்தில் யாராவது எதிரே வந்து பேசினால், இடது காதைக் கொடுத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். புதிதாக வந்தவர்களுக்கு இது அவமரியாதையாகப் படும். குரலைக் கேட்பதற்கு முகம் இடைஞ்சல் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

பழைய பலகையைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறை விரிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரை வயரால் இணைத்துவிட்டால், அவர்களுக்கென்று பலகையில் இரண்டு சின்ன விளக்குகள். ஒருவர் வைத்தால் ஒரு விளக்கு எரியும். இன்னொருவரும் வைத்தால் மற்றதும் எரியும். அப்புறம்தான் வயரை உருவ வேண்டும்.

"ஒரு விளக்கு எரிஞ்சா பத்தாது டீச்சர். சேந்த புதுசுல ஒருக்க உருவிட்டேன். டாக்டர் மருந்து அளவு சொல்லிட்டிருந்தாரு. சிஸ்டர் முடிஞ்சுட்டுன்னு நெனச்சு வச்சுட்டா. நானும் உருவிட்டேன். அவரு மிச்சம் சொன்னது எனக்க பலகையிலயே நின்னு போச்சு."

"அப்புறம் என்ன ஆச்சு அக்கா?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாயா ஆறுது, குடிங்க" என்றார்.

வார்டுகளுக்குக் கணினி வந்த முதல் இரண்டு மூன்று வருடங்கள் அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் எங்காவது ஒன்று நின்றுபோகும். கோளாறைச் சொல்வதற்கு என்று ஒரு முறை கிடையாது. தாழ்வாரத்தில் மறித்துச் சொல்வார்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள். மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியுமாக அவர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரம் பார்த்து வந்து நிற்பார்கள். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போவார். இருந்தும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். விட்டுப்போனவைதான் மேலே உள்ளவர்களின் காதுக்குப் போகும்.

ஒரு நாள் கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கோளாறுகளைப் பதிந்து, எண் கொடுத்து, யார் எப்போது சொன்னது, என்ன செய்தோம் என்று கடைசிவரை கணக்காக வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. யாரிடமும் வாங்க வேண்டாம். அதை எழுதியவர்கள் உள்ளே இருப்பதையெல்லாம் எல்லாரும் பார்க்கும்படி விட்டிருந்தார்கள். வேண்டியதை மாற்றிக்கொள்ளவும் அனுமதி இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அவர் மனம் விழுந்திருந்தது.

"இதுக்க பின்பக்கம் தொறந்து கிடக்கு டீச்சர். பழைய பலகையப் போல. கையை விட்டு எந்த வயரு எங்க போவுதுன்னு பாக்கலாம்."

பில் போடும் இடத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய கணினியில் அதை ஏற்றினார். ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்க வேண்டும், அதற்கு நான் வேண்டும் என்றார். வார்டில் வேலை செய்யும் ஆயாக்களும் அதில் எழுத வேண்டும் என்பது அவருடைய எண்ணம். உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. இடது பக்கம் ஆங்கிலச் சொல். வலது பக்கம் நாம் போடும் சொல். இரண்டு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து அந்த வலது பக்கத்தை நிரப்பினோம்.

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டோம். பதிகிற ஒவ்வொரு கோளாறுக்கும் அதில் டிக்கெட் என்று பெயர். அதைத் தமிழில் என்னவென்று போடுவது? நான் 'சீட்டு' என்றேன்.

"இந்த ஆஸ்பத்திரியில சீட்டுன்னா டாக்டரப் பாக்க எடுக்கது. வெளிய போனா மாசாமாசம் கட்டுகது. பஸ்ஸுல ஏறினா உக்காருகது. நாலாவதா நம்மளும் ஒண்ணு வைக்கணுமா?" என்றார்.

'முறையீடு' என்றேன். கோர்ட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றார். 'கோரிக்கை' என்றேன். கொடி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் அவரே சொன்னார்.

"விளின்னு போடுவோம். சிஸ்டர் என்ன செய்யுதா? நம்மள விளிக்கா. அவ்வளவுதானே?"

எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதை விளிப்பது என்றே சொல்வோம். படித்த தமிழில் அது இலக்கணப் புத்தகத்தோடு நின்றுபோன சொல். பழைய நூல்களில் அதற்கு இறந்துபோதல் என்றும் ஒரு பொருள் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவரிடம் அதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லால் எந்தக் கேடும் வரவில்லை. கேடு வந்தது நான் கொடுத்த சொல்லால்.

வேலை முடிந்துவிட்ட விளிக்கு என்ன பெயர் என்று கேட்டார். எனக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது. 'முடிந்தது' என்று போடுங்கள் என்றேன். ஒரு கணம் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். அந்தச் சொல்லில் ஏதோ ஒன்று அவர் காதுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் டீச்சர் சொன்ன சொல் என்று அப்படியே ஏற்றினார்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அது நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்தாம் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கணினிக்கு மின்சாரம் விட்டு விட்டு வந்தது. செவிலியர் விளி போட்டார். அக்காவின் பிரிவினர் போய் வயரை மாற்றிவிட்டு வந்தார்கள். செவிலியர் மேசைத் திரையில் ஒரு வரி நின்றது. 'தீவிர சிகிச்சை, ஐந்தாம் படுக்கை: முடிந்தது.'

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் குளச்சலுக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில் மீன் ஏலம் விடுகிறவர். நெஞ்சுவலி குறைந்து, அன்று காலைதான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவதற்குள் கூட வந்த உறவினர் ஊருக்கு ஃபோன் செய்துவிட்டார். ஊர்க் கோயிலில் துக்க மணி அடித்துவிட்டார்கள். கடலுக்குப் போக இறங்கிய வள்ளங்களைத் திரும்பக் கரையேற்றினார்கள்.

உள்ளே, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, அந்த மனிதர் மனைவியைப் பார்த்து, "ஏட்டி, நான் இருக்கேன். உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்றார். பிற்பாடு அவருக்கு இது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. தனக்கு அடித்த மணியைத் தாண்டி உயிரோடு இருக்கிறவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஆனால் அன்றைக்கு ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து மருத்துவமனை வாசலில் நின்றார்கள். விசாரணை நடந்தது. அக்காவைக் கூப்பிட்டு, அந்தச் சொல் யாருடையது என்று கேட்டார்கள்.

"ஏத்தினது நான்தானே சார்" என்றார் அக்கா.

அது பொய் இல்லை. ஏற்றியது அவர்தான். நானும் அந்த அறையில் நின்றிருந்தேன். எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த மாதம் அது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். 'பொறுப்பின்மையால் நோயாளியின் குடும்பத்தாருக்குப் பெரும் மனவேதனை ஏற்படுத்தியமை' என்று தொடங்கும் வாசகம். அவருடைய பணிக்கோப்பில் அதற்கு முன் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை.

அவரிடம் நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் கழித்து, என் மேசையிலிருந்தே ஒரு விளி போட்டேன். எந்தக் கருவியில் கோளாறு என்று கேட்கும் கட்டத்தில் 'சொல்' என்று எழுதினேன். கோளாறு என்ன என்ற கட்டத்தில், 'நான் கொடுத்த சொல்லால் உங்களுக்கு மெமோ வந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். அனுப்பிய மறுகணமே திரையில் அந்தப் பக்கத்தை மூடினேன். மறுநாள் பதில் வந்திருப்பதற்கான குறி தெரிந்தது. திறந்து பார்க்கத் துணிவு வரவில்லை. பிறகு வேறு விளிகள் வந்து அந்தக் குறியைக் கீழே தள்ளிவிட்டன. தாழ்வாரத்தில் அக்கா எப்போதும்போலப் பேசினார். நானும் எப்போதும்போலப் பேசினேன்.

அந்த வாரமே திரையில் சொற்கள் மாறியிருந்தன. முடியாத விளிக்கு 'லைனில் நிக்கு' என்று போட்டிருந்தார். முடிந்ததற்கு 'வச்சாச்சு'. தொலைபேசியை வைப்பதுதான். இன்னொன்றும் செய்திருந்தார். விளியை முடித்துவைக்கும் பொத்தான் முதலில் அவர் பிரிவினரின் திரையில் இருந்தது. உள்ளே கையை விட்டு அந்த வரியை எடுத்துவிட்டார். பழுது பார்த்தவர் 'செரியாச்சா?' என்று கேட்கத்தான் முடியும். விளித்தவர்தான் 'வை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

நிர்வாகம் கேட்டதற்கு, "ரெண்டு விளக்கும் எரியணும் சார்" என்றாராம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் மணி அடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

வருடங்கள் நன்றாகவே போயின. தாழ்வாரத்தில் அவரை மறிப்பது நின்றது. "எண் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விடுவார். மரச்சீனி சூடு ஆறாமல் தின்ன முடிந்தது. யார் என்ன எழுதினாலும் அதைத் திருத்தமாட்டார் என்பது ஒரு வழக்கமாகவே நிலைத்தது. 'பிரிண்டர் பேப்பரைக் கடிச்சுத் துப்புது' என்று ஒரு விளி இருக்கும். 'எலி நகரல்லே. குத்தினாலும் நகரல்லே' என்று ஓர் ஆயா எழுதியிருந்தார். கணினியின் மௌஸைத்தான். கணக்குப் பிரிவில் ஒருவர், இதையெல்லாம் நல்ல மொழியில் மாற்றி வைக்கலாமே என்று கேட்டார்.

"மாத்தி எழுதினா கோளாறும் மாறிப்போவும் சார். அப்பம் நான் வேற எதையோ நன்னாக்கிட்டு வருவேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பிரசவ வார்டிலிருந்து 'ஸ்கிரீன் சாயங்காலம் மஞ்சளாவுது, காலையில கொள்ளாம்' என்று ஒரு விளி வந்தது. கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் திரையை மாற்றியிருப்பார்கள். இவர் சாயங்காலம் வரை காத்திருந்து போனார். மேற்கு ஜன்னலில் புதிதாக மஞ்சள் திரைச்சீலை தொங்கவிட்டிருந்தார்கள். மேசையை நகர்த்திப் போட்டார். அடுத்த இரண்டு சாயங்காலமும் போய் நின்று "செரியாச்சா?" என்று கேட்டார்.

இந்தக் குணம் அவரிடம் வேலையோடு நின்றதில்லை. அவருடைய அண்ணன் ஏதோ ஒரு கல்யாணத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலில் ஏழு வருடமாக அவரோடு பேசுவதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் இவர் ஃபோன் செய்வார். அண்ணன் எடுப்பார், பேசமாட்டார். இவர் பிள்ளைகளின் படிப்பு, கடல் நிலவரம் எல்லாம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கடைசியில் அண்ணன் வைப்பார்.

"பின்ன எதுக்கு அக்கா கூப்பிடுறீங்க?"

"மிண்டல்லேன்னாலும் எடுக்கான் பாத்தியளா? நான் சொல்லித் தீருமட்டும் வைக்கவும் மாட்டான்" என்றார். மிண்டுவது என்றால் வாய் திறந்து பேசுவது. ஏழு வருடமாக வாய் திறக்காத ஒருவரைப் பற்றி அவர் அப்படிப் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

2011இல் மருத்துவமனைக்குப் புதிய நிர்வாக அலுவலர் வந்தார். சேலத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். கெட்டவர் அல்லர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். கணினிப் பராமரிப்பை வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் கணினிப் பிரிவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார். அப்படியானால் அக்காவுக்கும் அவரோடு இருந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை. முடிவெடுக்கும் முன் அக்காவிடம் ஓர் அறிக்கை கேட்டார். அக்கா மென்பொருளிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாக 'லைனில் நிக்கு, லைனில் நிக்கு' என்று இருந்தது.

அன்று பிரிவுத் தலைவர்களின் கூட்டம். ரெக்கார்டு அறைக்காக நானும் உட்கார்ந்திருந்தேன்.

"அது என்னம்மா விளி?" என்றார் அலுவலர். "கண்ணை முழிக்கிறதா?"

"விளிக்கது சார். கூப்பிடுகது."

"சரி. இத்தனை பேர் கூப்பிட்டு நீங்க போகவே இல்லையா?"

"போயாச்சு சார். எல்லாம் செரியாக்கியாச்சு. அவிய இன்னும் வைக்கல்லே."

"வேலை முடிஞ்சுதுன்னா நீங்களே மூடிட வேண்டியதுதானே? அந்த கம்பெனியில மூணு நாள்ல தானா மூடிக்குமாம்."

"அவிய வைக்காம நான் எப்பிடி சார் உருவுவேன்?"

அலுவலர் அவருடைய பணிக்கோப்பைத் திறந்தார். மெமோ இருந்த பக்கத்தில் விரலை வைத்தார். "ஏற்கெனவே இப்படி ஒண்ணு இருக்கு. அதோட இதுவும். நான் எதை வெச்சு உங்க பக்கம் பேசறது? மாசக் கடைசி வரைக்கும் நேரம் தர்றேன். ஒண்ணு பாக்கி இல்லாம இருக்கணும்."

அக்கா எடுத்துவிட்டிருந்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டால் போதும். பொத்தான் வந்துவிடும். பத்து நிமிட வேலை. அவரோடு இருந்தவர்களே அதைச் சொன்னார்கள். அவர்களுடைய வேலையும் அல்லவா? அக்கா அவர்களைத் திட்டவில்லை. "செரியாயிட்டா இல்லியான்னு எனக்கே தெரியாததை நான் எப்பிடி மக்கா எழுதுவேன்?" என்று மட்டும் சொன்னார். பிறகு ஃபோனை எடுத்து, ஒவ்வொரு வார்டாகக் கூப்பிடத் தொடங்கினார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்தப் பக்கங்கள் எல்லாம் எங்களுடையவை. கெட்டுப்போனால் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, நன்றானபின் சொல்லத் தோன்றியதில்லை. அக்காவின் வேலைக்கு உலை வைத்தது எங்களுடைய மௌனம்தான்.

ஆனால் அக்கா அதை அப்படி யாரிடமும் சொல்லவில்லை. வேலை போகிறது, உதவுங்கள் என்று கேட்கவும் இல்லை. "உங்க விளி ஒண்ணு லைன்ல நிக்கு. செரியாச்சா?" இவ்வளவுதான். சிலர் சரியாகவில்லை என்றார்கள். அவர்கள் இடத்துக்கு மறுபடி போனார். நான்காம் வார்டில் இருந்து குவைத்துக்குப் போய்விட்ட ஒரு செவிலியரை என் எதிரே உட்கார்ந்துதான் கூப்பிட்டார்.

"ஏட்டி, நான் எக்சேஞ்சு பேசுதேன்."

"அக்காவா? ஊர்ல யாருக்கும் என்னமுமா?" என்று பதறியது குரல்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லே. கீபோர்டுல 'கே' எழுத்து விழல்லேன்னு ஒரு விளி போட்டிருந்தே. அது செரியாச்சா?"

"அக்கா, நான் இஞ்ச வந்து ரெண்டு வருசமாச்சு."

"அது தெரியும். போறதுக்கு முந்தி செரியாச்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். "ஆச்சு அக்கா. அதுவரைக்கும் வார்டுல இருந்த குமார் எல்லாம் உமாராயிட்டு கிடந்தாவ."

"அப்பம் உனக்கு ஒரு ஈமெயில் வரும். 'வை'ன்னு பதில் எழுது. உடம்பு கொள்ளாமா? சாப்பாடெல்லாம் கிடைக்கா?" பேச்சு கால் மணி நேரம் போனது. கடைசியில் கேட்டது அதே சொல்தான். "நீ வையி மக்கா."

மாதத்தின் கடைசி வாரம் என் அறைக்கு ஃபோன் செய்தார்.

"டீச்சர், ரெக்கார்டுல பதினொண்ணு நிக்கு. பத்துக்கு செரியாச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. "பதினொண்ணாவது அக்கா?"

"அது நிக்கட்டு. அவசரமில்லே."

"ஒண்ணுகூட பாக்கி இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

மறுமுனையில் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "நீங்க வைங்க" என்றார்.

பத்தையும் அன்றே வைத்தேன். மாதக் கடைசி நாள் காலையில் பார்த்தபோது, மருத்துவமனை முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் லைனில் நின்றது. பொத்தானை அழுத்துவது எனக்கு ஒரு விரல் அசைவுதான். ஆனால் அழுத்தினால் கோளாறு சரியாகிவிட்டது என்று நான் சொல்வதாக ஆகும். அந்த மெமோ இன்னும் அவர் கோப்பில்தான் இருந்தது. அதை வைத்துத்தான் அவரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். எதுவும் சரியாகவில்லை.

எழுந்து நிர்வாக அலுவலரின் அறைக்குப் போனேன்.

"அந்த மெமோவில் இருக்கிற 'முடிந்தது' என்கிற சொல் நான் கொடுத்தது, சார்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "கோப்புல அப்படி இல்லையே."

"இல்லை சார். அன்றைக்கு அந்த அறையில் நானும் இருந்தேன். சொல்லவில்லை."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"இன்னும் ஒரு விளி பாக்கி இருக்கிறது, சார். அது நான் போட்டது. இதைச் சொல்லாமல் அதை என்னால் வைக்க முடியாது."

அவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். வாங்கி, இரண்டு முறை வாசித்து, அக்காவின் கோப்பைத் திறந்து, மெமோவுக்கு மேலே அதை வைத்துக் கட்டினார். "இந்த அம்மா ஏன் அப்பவே உங்க பேரைச் சொல்லலை?" என்று கேட்டார்.

"நானே சொல்லட்டும் என்று விட்டிருப்பார், சார்."

அந்த நிறுவனம் வரவில்லை. மூன்று நாளில் தானாக மூடிக்கொண்டால், கோளாறு சரியாகிவிட்டதா என்று யார் கேட்பது என்று அலுவலர் அவர்களிடம் ஒரு கடிதத்தில் கேட்டார் என்றும், அதற்குப் பதில் வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா ஓய்வுபெறும்வரை கணினிப் பிரிவு அப்படியே இருந்தது. விளியும் இருந்தது. ஆனால் அன்று காலை இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்கும் ஒரு மெமோ வரும் என்று எண்ணியபடியே என் மேசைக்குத் திரும்பி, அந்த விளியைத் திறந்தேன்.

நான் எழுதியதற்குக் கீழே, இத்தனை வருடங்கள் நான் பார்க்காமல் விட்ட பதில் இருந்தது.

'டீச்சர், முடிந்ததுங்கிற சொல்ல எடுத்தாச்சு. இப்பம் வச்சாச்சுன்னு போட்டிருக்கேன். அதை நாங்க போட முடியாது, விளிச்சவியதான் போடணும். இனி ஒருத்தரும் பயப்பட மாட்டாவ. வாசிச்சுப் பாருங்க. செரியாச்சா?'

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அது மன்னிப்பாகவே வந்து சேர்ந்திருக்கவில்லை. கோளாறாக வந்தது. சரிசெய்தார். சரியா என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

'செரியாச்சு அக்கா' என்று எழுதி, பொத்தானை அழுத்தினேன். 'வச்சாச்சு' என்று வந்தது.

ஃபோன் அடித்தது.

"டீச்சர், ரெண்டு விளக்கும் எரிஞ்சுட்டு" என்றார்.

"ஆமா அக்கா."

சொல்ல வேண்டியது தீர்ந்திருந்தது. மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. என்னுடையதும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"இன்னைக்கு நீங்க வைங்க அக்கா" என்றேன்.

"அது மட்டும் நடக்காது டீச்சர்" என்றார்.

நான்தான் வைத்தேன்.